எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ: பாதி வேலை வைக்கும் இடத்தில்

இது சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் அடிச்சுரங்களுக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர். 12 அங்குல டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு), 325 வாட் ஆம்ப், ஓட்டை இல்லாத மூடிய பெட்டி. பேஸ் ஆழமாகவும் இறுக்கமாகவும் வருகிறது, சின்ன அறைக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பேன். ஆனால் கிடைத்த மூலையில் வைத்துவிட்டு இதன் தரத்தை எடை போடாதீர்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும்தான், கூடவே அறையின் எல்லா ஒத்ததிர்வுகளும் (அறையின் அளவுக்கேற்பச் சில சுரங்கள் மட்டும் சுவர்களுக்கிடையே பெருகுவது) கிளம்பி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரம் கும்மென்று நிற்கும்.

என் அறை 14 அடி நீளம். அந்த நீளத்துக்கு முதல் ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது, சோபா அறைக்கு நட்டநடுவில் இருந்தால் அந்த இடத்தில் 40 ஹெர்ட்ஸ் அப்படியே அடங்கிப்போகும், வால்யூமை ஏற்றிப் பிரயோஜனமில்லை. சோபாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், வந்துவிடும்.

இடம் கண்டுபிடிக்க நல்ல வழி, சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் கிட்டார் நன்றாக நடமாடும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்பது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் அதற்கான இடம். எனக்கு முன்சுவரில், இடது ஸ்பீக்கருக்கு உள்பக்கம் அமைந்தது. அங்கே வைத்த பிறகு மிருதங்கத்தின் தொப்பியில் கை அழுத்தி இழுக்கும் கும்கி தனியாகத் தெரிகிறது, என்ன சுகம்!

அப்புறம் மொபைல் ஆப். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஃபேஸ் (மற்ற ஸ்பீக்கர்களோடு ஒலி அலையை ஒத்துப்போக வைப்பது), ஈக்யூ (சுரவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் மாற்றலாம், இந்த வசதிக்காகவே வாங்கலாம். கிராஸ்ஓவரை, அதாவது மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து சப்வூஃபர் பேஸை ஏற்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஈக்யூ அதிகம் ஒலிக்கும் மேட்டைத்தான் வெட்டும், அடங்கிப்போன பள்ளத்தை நிரப்பாது, அதற்கு மறுபடி பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.