லவ்டேல் லாரன்ஸ் பள்ளி: பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பாலக்காட்டுக்காரர்களுக்கு

ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியையும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ‘ஊட்டி கான்வென்ட்’ கணக்கில்தான் சேர்ப்பார்கள். கான்வென்டும் இல்லை, பணக்காரர்களுக்கென்று ஆரம்பித்ததும் இல்லை. லக்னோ முற்றுகையில் 1857-இல் இறந்த ஆங்கிலேய அதிகாரி ஹென்றி லாரன்ஸ் நினைவாக, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக 1858-இல் தொடங்கிய விடுதி இது. (இங்கிலாந்தின் பேர்பெற்ற ஈட்டன் பள்ளிகூட 1440-இல் 70 ஏழை மாணவர்களுக்கென்று ஏற்பட்டதுதான்.) அந்தப் பட்டாள வாடை இன்னும் போகவில்லை, அணிவகுப்பும் பேண்டும் இங்கே அலங்காரத்துக்கு அல்ல.

பின்னாளில் எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியும் இதோடு சேர்ந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், பெரிய பையனை வைத்துச் சின்னவனுக்குப் பாடம் சொல்லும் ‘மெட்ராஸ் முறை’யை வகுத்தது அந்த எழும்பூர் விடுதியில்தான். நம்ம சட்டாம்பிள்ளை அப்படித்தான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மூத்த மாணவனுக்கே மற்றவர்களை மேய்க்கும் அதிகாரம் கொடுக்கும் பிரிஃபெக்ட் வழக்கத்துக்கு வேர் வேறு: இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் தலைமை ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டு (1828–42) அதை ஊன்றி வளர்த்தார்.

பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பிரிவுகள், நீலகிரி, ஆரவல்லி, விந்தியா, சுமேரு என நான்கு ஹவுஸ்கள். இந்த வகைப் பள்ளியில் பிள்ளையின் நல்லது கெட்டது ஹவுஸில்தான். அதனால் வகுப்பாசிரியரைவிட ஹவுஸ் மாஸ்டரையும், விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனையும் பார்த்துப் பேசுங்கள். கேட்க வேண்டிய கேள்வி, “பிரிஃபெக்ட் என்னென்ன செய்யக்கூடாது?” இங்கிலாந்தில் சின்னவன் பெரியவனுக்கு ஷூ துடைப்பது பள்ளியே ஒப்புக்கொண்ட முறையாக இருந்தது. எந்தப் பள்ளியானாலும் இதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

கட்டடம் ராபர்ட் சிஷோமின் கைவண்ணம். திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் அவர் கட்டியதே. மணிக்கூண்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் குளிரையும் கணக்கில் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழையும் உண்டு. துணி சீக்கிரம் காயாது, தோல் ஷூவில் பூஞ்சணம் பிடிக்கும். சாக்ஸ், உள்ளாடை இரண்டும் பட்டியலில் போட்டதைவிட நான்கு செட் கூடுதலாகக் கொடுங்கள். பெயர்ப்பட்டியை நான்கு பக்கமும் தைக்க வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டியது வெந்நீர்ச் சலவையில் உரிந்துவிடும், அப்புறம் ஸ்வெட்டர் யாருடையதோ.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் ஊட்டிக்கு முந்தைய நிறுத்தம் லவ்டேல். டிரங்குப் பெட்டியோடு அதில் ஏறுவது ஆகாத காரியம். பெட்டி காரில் போகட்டும். ரயில், லீவுக்குப் பார்க்கப் போகும்போது.