எங்க ஆட்டு ரோமத்துலயே பொம்மை, மூணு வருஷமாச்சு

கோத்தகிரி பக்கம் எங்க வீட்ல நாலு நீலகிரி செம்மறி இருக்கு, எல்லாம் வெள்ளை. ரோமத்தை வாங்க ஆள் வர்றதில்ல, அதனால முதல் ரெண்டு தடவை கத்தரிச்சதை தேயிலைச் செடி அடியில போட்டுட்டோம். அப்புறம்தான் நான் ஆன்லைன்ல மெரினோங்கற மென்மையான ஆட்டுக் கம்பளியும், அதைக் குத்திக் குத்தி கெட்டியாக்குற ஃபெல்டிங் ஊசியும் வாங்கி பொம்மை செய்ய ஆரம்பிச்சேன், ஒரு மாசம் காசைக் கொட்டுன பிறகு, அட வீட்லயே சாக்கு சாக்கா கெடக்குதேன்னு உறைச்சுது.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். கடை மெரினோ வழவழன்னு ஒரே வாக்குல சீவி வருது, குத்தக் குத்த வழுக்கும். எங்க ஆட்டோடது சுருள் சுருளா இருக்கும், நாய்க்கு முடி சீவுற பிரஷ் ரெண்டை வச்சு இழுத்தா நாலா பக்கமும் கலைஞ்சு நிக்கும், ஊசி பட்டதும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்குது. கடை கம்பளியில ஒன்றரை மணி நேரம் குத்துற பொம்மை உடம்பு இதுல முக்கால் மணி நேரத்துல கெட்டியாகிடுது. இந்த இனமே வெள்ளைக்காரன் காலத்துல டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன்னு வெளிநாட்டு ஆடுங்க எல்லாம் கோயமுத்தூர் ஆட்டோட கலந்து வந்தது, அந்த மென்மை இருக்கு. கீழ சமவெளி ஆட்டு ரோமத்துலயும் ஒரு தடவை செஞ்சு பாத்தேன், முள்ளம்பன்றிக்கு வேணா ஆகும்.

ஆனா ஊசியைத் தொடறதுக்கு முன்னாடி இருக்கு பாருங்க வேலை. முதல் வருஷம் சுடுதண்ணில சோப்பு போட்டு துணி அலசற மாதிரி குச்சியால கிண்டிட்டேன், பத்து நிமிஷத்துல ஒரு ஆட்டு ரோமம் மொத்தமும் சுருங்கி ஒரே பாய் ஆகிடுச்சு, இப்ப அது மேலதான் எங்க நாய் படுக்குது. சூடு, சோப்பு, கிண்டறது மூணும் சேர்ந்தா ரோமத்து மேல இருக்கிற செதில் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கும், திரும்பப் பிரிக்கவே முடியாது. இப்பல்லாம் வெங்காயம் வர்ற வலைப்பைல போட்டு, கை பொறுக்காத சூட்டுல முக்கி, தொடாம கால் மணி நேரம் விட்டுடறேன். தண்ணி ஆறறதுக்குள்ள எடுத்துடணும், இல்லன்னா கரைஞ்ச எண்ணெய்ப்பசை திரும்ப ரோமத்துலயே ஒட்டிக்கும், காஞ்சதும் பிசுபிசுன்னு இருக்கும். மூணு தண்ணி மாத்தணும். அப்பவும் காய்ஞ்ச புல்லு, ஒட்டுமுள் போகாது, டிவி பாத்துக்கிட்டே கையால பொறுக்கறதுதான்.

அழுக்கு, வயித்துப் பக்கத்து ரோமத்தை தூக்கிப் போடாதீங்க, நல்லா கழுவி பொம்மைக்கு உள்ளுக்குள்ள உருட்டிடுங்க. மேல தெரியறதுக்கு மட்டும் தோள்பட்டை ரோமம்.

கலர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டீத்தூள்ல கொதிக்க வச்சா பழுப்பு, அதுல துரு ஆணி ஊறின தண்ணி கொஞ்சம் விட்டா கருஞ்சாம்பல் (ஜாஸ்தி விட்டா ரோமம் மொடமொடன்னு ஒடியும்), யூகலிப்டஸ் இலைல சாயம் பிடிக்க வைக்கிற படிகாரம்கூட இல்லாம செங்கல் கலர் வருது. இந்த டீ பழுப்பையும் சாம்பலையும் கலந்துதான் வரையாடு செய்யறேன். வயசான கடாவுக்கு முதுகுல சேணம் போட்ட மாதிரி வெளுப்பா ஒரு திட்டு இருக்கும்ல, அதை தனி வெள்ளையா ஒட்டினா திருநீறு பூசின மாதிரி ஆகிடுது, சாயம் போடாத ரோமத்தை பழுப்போட பிரஷ்ல லேசா கலந்து மெல்லிசா பரப்பி மெல்லிசான 40ஆம் நம்பர் ஊசியால மேலாக்க குத்தினாதான் சரியா வருது. உடம்புக்கு தடிச்ச 36, நடுவுல 38. ஊசி போற வழியிலயே திரும்ப வெளிய வரணும், சாய்ச்சு இழுத்தா பட்டுனு ஒடியும், என் விரல்ல எத்தனை ஓட்டைன்னு கேக்காதீங்க.

நீடிக்குமான்னா, ரெண்டு வருஷப் பொம்மைங்க ஷேப் மாறல, மேல கொஞ்சம் பிசிறு எழும்பும், கத்திரியால வெட்டிட்டா போதும். பூச்சிதான் எதிரி. போன மழைக்காலத்துல ஷெல்ஃபுல வச்ச ஒரு காட்டெருமைக்கு திமிலையே அரிச்சிடுச்சு. அதுக்கப்புறம் வசம்பு போட்டு மூடின டப்பால வைக்கறேன், சந்தேகமா இருந்தா கவர்ல கட்டி நாலஞ்சு நாள் ஃப்ரீசர்ல.

இதுக்குன்னு ஆடு வாங்காதீங்க. பக்கத்துல வளக்கறவங்க கிட்ட கேட்டா சும்மாவே குடுத்துடுவாங்க, வால் பக்கத்து ரோமத்தை மட்டும் அவங்களே வச்சுக்கட்டும்.