நாசாவிடம் உரிமம் வாங்கப் போகிறவர்களுக்கு

நாசாவின் தொழில்நுட்ப உரிமப் பட்டியலைத் திறந்தால் யாருக்கும் ஆசை வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகள். உலோகப் பூச்சு, சென்சார், ரோபோ, மருத்துவக் கருவி என்று துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பயன்கள், எங்கெல்லாம் பயன்படும் என்கிற வரிசை, காப்புரிமை எண். சிறு தொழிற்சாலைகளுக்குப் பொருள் வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. "புதுசா ஏதாவது பண்ணணும் சார், ரெடியா டெக்னாலஜி எங்கயாவது கிடைக்குமா?" என்று வருகிறவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் போடுகிற இப்படிப்பட்ட பட்டியல்களை வருடக்கணக்காக மேய்ந்துகொண்டிருக்கிறேன். நான் பார்த்ததில் ஒழுங்கானது இதுதான். ஆனால் கடைக்குப் போகிற நினைப்போடு உள்ளே போகாதீர்கள்.

இங்கே கிடைப்பது அனுமதி மட்டும். உரிமம் வாங்கினால், அந்தக் காப்புரிமையைக் காட்டி உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அச்சு, உற்பத்தி வரைபடம், மூலப்பொருள் தருகிற ஆள், தரச்சான்று எல்லாம் உங்கள் பாடு. மனையை விற்பார்கள், வீடு கட்டித் தரமாட்டார்கள். இது தெரியாமல் முதல் மின்னஞ்சலிலேயே "சாம்பிள் அனுப்ப முடியுமா?" என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதன் முதல் எழுத்துகள் எந்த மையத்தில் பிறந்த கண்டுபிடிப்பு என்று சொல்லும். எல்ஏஆர் என்றால் லாங்லி, கேஎஸ்சி என்றால் கென்னடி. க்ளென் மையத்துக்கு எல்இடபிள்யூ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1999 வரை அதன் பெயர் லூயிஸ். பெயர்ப்பலகையை மாற்றினார்கள், குறியீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த எழுத்துகள் எனக்கு முக்கியம். பேச வேண்டியது தலைமையகத்தோடு இல்லை, அந்த மையத்தின் உரிம அலுவலரோடுதான். அவர் மூலமாகத்தான் கண்டுபிடித்தவரை எட்ட முடியும்.

ஜேபிஎல் என்கிற ஜெட் உந்துவிசை ஆய்வகம் மட்டும் தனிக்கதை. அதை நாசாவுக்காக நடத்துவது கால்டெக் என்கிற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம். அங்கே பிறக்கிற பல காப்புரிமைகள் கால்டெக்கின் பெயரில் இருக்கும், அதனால் தட்ட வேண்டிய கதவும் வேறு. இன்று நம் கைபேசிக் கேமராக்களுக்குள் ஒளியைப் படமாக்குகிற சிமாஸ் பட உணரி என்ற சில்லை எரிக் ஃபாசமும் அவருடைய குழுவினரும் 1990-களில் உருவாக்கியது அங்கேதான். அதைச் சந்தைக்குக் கொண்டுவர ஃபாசமே 1995-ல் சிலரோடு சேர்ந்து ஃபோட்டோபிட் என்ற நிறுவனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்த ஆளே கூட வந்தால் உரிமத்துக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்து தேதி. அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பட்டியலில் பளபளவென்று இருக்கிற ஒன்றை எண்ணை வைத்துத் தேடினால், 12 ஆண்டு ஏற்கெனவே கழிந்திருக்கும். நீங்கள் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர இன்னும் நாலைந்து ஆண்டு ஆகும். மிச்சமுள்ள பாதுகாப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அப்போது வேறு கணக்கு.

'பயன்பாடுகள்' என்கிற பகுதியை நான் படிப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரே பூச்சு விமானத்துக்கு ஆகும், கப்பலுக்கு ஆகும், செயற்கை மூட்டுக்கு ஆகும், விளையாட்டுச் சாமானுக்கும் ஆகும் என்று போட்டிருக்கும். அந்த வரிசை எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு எதிலும் யாரும் இன்னும் செய்து பார்க்கவில்லை என்பது என் அனுபவம். அதற்குப் பதிலாகத் தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை எது என்று கேளுங்கள். 1 முதல் 9 வரை போகிற இந்த அளவுகோல் 1970-களில் நாசாவுக்குள்ளேயே பிறந்தது. 3, 4 என்றால் ஆய்வக மேசையில் வேலை செய்தது. 6 என்றால் நிஜச் சூழலுக்கு நெருக்கமான இடத்தில் ஒரு மாதிரி ஓடிக் காட்டியது. 9 என்றால் விண்வெளிக்கே போய் வேலை செய்தது.

9 என்றதும் மயங்கவும் கூடாது. கெட்டிக்காரத் தொழில்நுட்பர்கள் கையாலேயே செய்த இரண்டு உருப்படிகள் விண்ணில் வேலை செய்தன என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே பொருளைப் பத்தாயிரம் எண்ணிக்கையில், கட்டுப்படியாகிற விலையில் செய்யலாமா என்று அந்த அளவுகோல் சொல்லாது. நினைவு நுரை என்கிற மெமரி ஃபோமை எடுத்துக்கொள்ளுங்கள். நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக விமான இருக்கைக்கென்று 1966-ல் உருவானது. ஸ்வீடனின் ஃபாகர்டாலா நிறுவனம் அதோடு பல வருடம் மல்லுக்கட்டி மெத்தையாக விற்கத் தொடங்கியது 1991-ல். கால் நூற்றாண்டு.

உரிமத்தில் வகைகள் உண்டு. 2015-ல் வந்த ஸ்டார்ட்அப் உரிமத்துக்கு முன்பணம் இல்லை, முதல் மூன்று ஆண்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் இல்லை. விற்பனை தொடங்கியதும் அதில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பைப் பொருளாக்குவதற்கென்றே தொடங்கிய நிறுவனமாக இருக்க வேண்டும். தனியுரிமை, அதாவது உங்களுக்கு மட்டும் என்கிற உரிமை, கிடைக்காது, போட்டியாளரும் நாளை அதையே வாங்கலாம். பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கோஹென், போயர் என்ற இரு விஞ்ஞானிகளின் மரபணு வெட்டியொட்டும் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் யாருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களிடம் முன்பணம் 10,000 டாலர், ஆண்டுக்கு இன்னொரு 10,000 என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது. 468 நிறுவனங்கள் வாங்கின, உயிரித் தொழில்நுட்பம் என்று ஒரு தொழிலே எழுந்து நின்றது.

தனியுரிமைதான் வேண்டும் என்றால் தொழில் திட்டம் கொடுக்க வேண்டும், அரசு வெளிப்படையாக அறிவித்து ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரும். நீங்கள் எதில் இறங்குகிறீர்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் விற்கும் உரிமை வேண்டுமென்றால் பொருளைப் பெரும்பாலும் அங்கேயே தயாரிக்க வேண்டும் என்பதும் பொதுவான சட்ட விதி.

இதன் மறுபக்கத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவுக்குள்தான் செல்லும். வேறு நாடுகளில் பதிவு செய்யவில்லை என்றால், அந்த நாட்டிலேயே தயாரித்து அங்கேயே விற்க அந்தக் காப்புரிமை குறுக்கே நிற்காது. உரிம விண்ணப்பத்தை நிரப்பும் முன் எந்தெந்த நாடுகளில் பதிவாகியிருக்கிறது என்று காப்புரிமை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கிற கட்டணம் வீண்போகாது.

எனக்குப் பிடித்தது மதிப்பீட்டு உரிமம். விற்கக் கூடாது, உள்ளே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். இதன் அருமை எனக்கு வேறொரு ஆய்வகத்தின் விஷயத்தில் தெரிந்தது, பெயர் வேண்டாம். என் வாடிக்கையாளர் ஒருவர் அவர்களிடம் நேரடியாக வணிக உரிமமே வாங்கிவிட்டார். ஈரத்தைத் தள்ளும் ஒரு பூச்சு. காப்புரிமை ஆவணத்தில் சூடு "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று அகலமாக எழுதியிருந்தது. காப்புரிமை அப்படித்தான் எழுதுவார்கள், எல்லை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு லாபம். அந்த அகலத்துக்குள் எந்த இடத்தில் பூச்சு உரியாமல் ஒட்டும் என்பது அதைக் கலக்கிய தொழில்நுட்பருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உரிம அலுவலகம் மரியாதையாகப் பதில் எழுதியது, பூச்சு உரிந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து நான் எந்த ஆய்வகத்துக்கு எழுதினாலும் முதல் கேள்வி: கண்டுபிடித்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, எங்களுக்காக அவர் நேரம் ஒதுக்க முடியுமா? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் நான் காசு போடச் சொல்வதில்லை.

நாசாவின் மென்பொருள் பட்டியல் தனியாக இருக்கிறது, 2014 முதல். இலவசம். ஆனால் ஒவ்வொன்றின் வெளியீட்டு வகையையும் முதலில் பாருங்கள். "அமெரிக்காவுக்குள் மட்டும்" என்று போட்டிருந்தால் மற்றவர்கள் மேலே படித்துப் பயனில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் பட்டியலுக்கு ஐந்துக்கு நாலு, தேடும் வசதிக்கு இரண்டரை. 'வடிகட்டி' என்று தேடினால் தண்ணீர் வடிகட்டியும் வரும், மின்சிக்னல் வடிகட்டியும் வரும். முழு மதிப்பெண் ஒரு மூலைக்குத்தான் கொடுப்பேன்: யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய காப்புரிமைகள். 2016-ல் ஆயுள் மீதமிருந்த 56 காப்புரிமைகளை நாசா பொதுவுக்கு விட்டது. அவற்றோடு காலம் முடிந்த ஆயிரக்கணக்கானவற்றையும் தேடிப் பார்க்க வழி செய்தது. விண்ணப்பம் இல்லை, ராயல்டி இல்லை. கையில் முதல் குறைவாக வருகிறவர்களை நான் நேராக அங்கேதான் அனுப்புகிறேன்.