சுவர்ப் பொந்தில் தேனீக்கூடு: எரிப்பதா, பெட்டிக்கு மாற்றுவதா?

வீட்டுச் சுவரின் பொந்தில் இந்தியத் தேனீக்கள் குடியேறிவிட்டால், பலருக்கும் முதலில் தோன்றுவது தீப்பந்தம்தான். செலவில்லை, விரைவில் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் நெருப்புக்குக் கலைந்த ஈக்கள் கொட்டும்போது வெளிப்படும் மணமே மற்ற ஈக்களையும் தாக்கத் தூண்டும். பொந்துக்குள் எஞ்சும் தேனும் மெழுகும் எறும்புகளை அழைப்பதோடு, பின்னர் வரும் வேறொரு தேனீக் கூட்டத்தையும் அதே இடத்துக்கு ஈர்க்கும்.

பெட்டிக்கு மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை. தேனீ வளர்ப்பவர் மாலை வேளையில் மெல்லப் புகைகாட்டி, புழுக்கள் வளரும் மெழுகு அடைகளைப் பக்குவமாக அறுத்து, வாழைநாரால் பெட்டியின் மரச்சட்டங்களில் கட்டி, ராணித் தேனீயையும் பெட்டிக்குள் சேர்த்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே பின்தொடரும். பிறகு பொந்தைச் சுத்தம்செய்து சிமென்ட் பூசிவிடலாம். முருங்கையும் தென்னையும் காய்க்கும் ஊரில், மகரந்தம் சுமக்கும் ஒரு குடும்பத்தை எரிக்க எனக்கு மனம் வராது.

கதண்டு எனப்படும் பெரிய குளவிக்கு இந்த வழி பொருந்தாது. தேனீயின் கொடுக்கு கொட்டியதும் அறுந்துவிடும்; கதண்டின் கொடுக்கு அப்படி அறுந்து விழாததால் ஒன்றே பலமுறை கொட்டும், உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. அங்கே யாரும் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டு, 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிட வேண்டும்.