இரவு ஒன்பது மணிக்குச் சோதித்துப் பாருங்கள்: டயல்-அப்பை விட்டுவிட்டு நான் எடுத்த இணைப்பு

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த தன் பழைய டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று மூடியது. செய்தியைப் படித்த உறவினர்கள் பலரும் “இன்னுமா அதெல்லாம் இருந்தது?” என்று கேட்டார்கள். இருந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 1,63,000 குடும்பங்கள் டயல்-அப் ஒன்றையே நம்பியிருந்தன. வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை நாங்களும் அந்தக் கூட்டம்தான். கிழக்கு டென்னசியில் ஒரு மலைச்சரிவு, ஓக் மரங்கள், சாலையிலிருந்து 1,800 அடி உள்ளே தள்ளி வீடு. கேபிள் அந்தச் சாலையோடு நின்றுவிட்டது. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். மின்னஞ்சலும் சில விரிதாள்களும் போய்வந்தால் போதும் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோடம் பெட்டியின் மேல் 56கே என்று போட்டிருப்பார்கள். தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் மின்திறனுக்கு அமெரிக்காவில் ஓர் உச்சவரம்பு இருந்ததால், நொடிக்கு 53.3 கிலோபிட்டுக்கு மேல் இங்கே யாருக்கும் கிடைத்ததில்லை. எங்கள் பழைய செம்புக் கம்பியில் நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். மூன்று மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்கி முடிய ஒன்பது நிமிடம். பேத்தியின் பிறந்தநாள் படங்களை மகன் அனுப்பினால், முதல் படத்தில் மெழுகுவத்தி தெரிவதற்குள் என் காபி ஆறிவிடும்.

எனவே எது வந்தாலும் இதைவிட வேகம்தான். அதனால்தான் டயல்-அப்பிலிருந்து வருகிறவர்கள் விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறேன். நொடிக்கு முந்நூறு மெகாபிட்டும் (ஒரு மெகாபிட் என்பது ஆயிரம் கிலோபிட்) ஆயிரம் மெகாபிட்டும் நமக்கு ஒன்றுதான், இரண்டுமே கனவு. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: ஊரில் இருக்கும் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசுகிற நேரத்தில் இந்த இணைப்பு எப்படி இருக்கும்?

அந்த நேரம் எது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மறுநாள் காலை ஆறரை அல்லது ஏழரை. அம்மா குளித்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்காரும் நேரம். இங்கேயோ, அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் திரைப்படம் பார்க்க உட்காரும் நேரம். பகலில் பறக்கிற இணைப்பு நமக்குத் தேவைப்படும்போது நொண்டுவதற்கு இதுவே காரணம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பொதுவான சங்கடம். ஆனால் எந்த விற்பனையாளரும் வாய் திறந்து இதைச் சொல்வதில்லை.

தேடலை எஃப்சிசி எனப்படும் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்தின் வரைபடத்தில் தொடங்கினேன். முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டுக்குச் சேவை தருவதாக யார் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டும். “சொல்லியிருக்கிறார்கள்” என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நிறுவனங்கள் தாமே தந்த தகவல் அது. தவறாக இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். நான் ஒன்று செய்தேன்.

அதைவிட உதவியது விலைச்சீட்டு. உணவுப் பொட்டலத்தின் பின்னால் ஊட்டச்சத்துப் பட்டியல் இருக்குமே, அதே வடிவில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு சீட்டு காட்ட வேண்டும் என்பது விதி. பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலிலும் சிறியவற்றுக்கு அதே ஆண்டு அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தது. மாதக் கட்டணம், அது அறிமுகச் சலுகையா, எத்தனை மாதத்துக்கு, இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு, வழக்கமான இறக்க வேகம் (நமக்கு வருவது), ஏற்ற வேகம் (நம்மிடமிருந்து போவது), தாமதம் (தகவல் போய்வர ஆகும் நேரம்) எல்லாம் அதில் உண்டு. வண்ண விளம்பரத்தை மூடிவிட்டு இதை மட்டும் படியுங்கள். நான் முதலில் பார்த்தது ஏற்ற வேகத்தை. தெளிவான காணொளி அழைப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட் மேலே ஏற வேண்டும். இறங்குவது முந்நூறாக இருந்தாலும் ஏறுவது மூன்றுக்குக் கீழே போனால் அம்மாவுக்கு என் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இனி என் வாசலுக்கு வந்தவை. தொலைபேசிக் கம்பியிலேயே டயல்-அப்பைவிட வேகமாக வரும் டிஎஸ்எல்லின் கதை சுருக்கம். தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி நீள நீள வேகம் குறையும். ஏறக்குறைய 18,000 அடிக்கு மேல் போனால் எதுவும் நிச்சயமில்லை. நாங்கள் அந்த எல்லைக்கு வெளியே. தவிர, இது போகிற தொழில்நுட்பம். தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 2020 அக்டோபரிலேயே புதிய டிஎஸ்எல் இணைப்புகள் தருவதை நிறுத்திவிட்டது.

கேபிள் நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குச் சேவை உண்டு என்றிருந்தது. தொலைபேசியில் பேசிய பெண்மணியும் உண்டு என்றார், நாள் குறித்தார். வந்த தொழிலாளர் சாலையோரக் கம்பத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அளவு நாடாவை வெளியே எடுக்காமலேயே திரும்பிப் போனார். பிறகு ஒரு கடிதம் வந்தது: சாலையிலிருந்து கம்பி இழுக்க 11,000 டாலர் நான் தர வேண்டும், கம்பி அவர்களுடையதாகவே இருக்கும். அதோடு ஓராண்டு ஒப்பந்தம். நான் ஆட்சேபம் பதிவு செய்தது இவர்கள் பேரில்தான்.

கேபிள் கிடைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மோடம் வாடகை என்று மாதாமாதம் ஒரு தொகை ரசீதில் ஒட்டிக்கொள்ளும். சொந்தமாக மோடம் வாங்கி வைத்தால் அந்த வாடகையை வசூலிக்கக் கூடாது என்று 2020 டிசம்பர் 20 முதல் சட்டமே இருக்கிறது. கேட்டால் நீக்கிவிடுவார்கள், கேட்காதவர்கள் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது வானம். செயற்கைக்கோளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறக் கூடாது. பழைய வகை, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பது. நம் பேச்சு மேலே போய், கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். இதை யாராலும் குறைக்க முடியாது. பணம் அதிகம் கட்டினாலும் தூரம் தூரம்தான். அதன் மேல் டென்னசியிலிருந்து இந்தியாவுக்குக் கடலடிக் கம்பியில் போய்வர 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். இரண்டையும் கூட்டினால், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீ சொல்லு”, “இல்லை, நீ சொல்லு” என்பதிலேயே பொழுது போய்விடும். கணினி வலையமைப்பு வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரே வரியில் முடித்தான்: “அத்தை, மெகாபிட்டை விடுங்கள், பிங் எவ்வளவு என்று கேளுங்கள்.” பிங் என்றால் அந்தத் தாமதம்தான்.

ஸ்டார்லிங்க் இரண்டாவது வகை. செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. தாமதம் ஒரு தொல்லையே இல்லை. இதைத்தான் எடுக்க நினைத்தேன். ஆனால் சிக்னல் வாங்கும் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும், அதுவும் எங்கள் பகுதியில் வடக்குப் பக்கம். கைப்பேசியில் அவர்களுடைய செயலியைத் திறந்து வானத்தை நோக்கிச் சுழற்றினால் எங்கெங்கே மறைக்கிறது என்று சிவப்பில் காட்டும். எங்கள் முற்றத்தில் வடக்கு முழுக்கச் சிவப்பு. அத்தனையும் ஓக். நான்கு மரங்களை வெட்டினால் சரியாகிவிடும் என்றார் என் கணவர். நூறு வயது மரத்தை இணையத்துக்காக வெட்டுவதில்லை என்றேன். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. திறந்த வெளியில் வீடு இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை, நல்ல சேவை.

கடைசியில் நான் எடுத்தது, கைப்பேசிக் கோபுரத்தின் வழியே வரும் வீட்டு இணையம். எதிர் மலையில் கோபுரம், எங்கள் மாடி ஜன்னலிலிருந்து நேர்க்கோட்டில் தெரிகிறது. துளையிடுவது, ஆள் வருவது எதுவும் இல்லை. பெட்டி தபாலில் வந்தது. மின்சாரத்தில் சொருகினால் வேலை முடிந்தது. ஒப்பந்தம் இல்லை, பிடிக்காவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம். எனக்கு இந்த ஒன்று போதும் என்று தோன்றியது. விசாவும் வாடகை வீடும் எப்போது மாறும் என்று தெரியாத நம் பிள்ளைகள் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விலைச்சீட்டில் அந்த அபராத வரியைத் தேடிப் படிக்கட்டும்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. சமையலறை மேடையில் வைத்தபோது இறக்கம் முப்பது மெகாபிட். மாடியில் கோபுரம் பார்த்த ஜன்னலோரம் வைத்ததும் தொண்ணூறு. ஜன்னலில் அலுமினியக் கொசுவலை அடித்திருந்தது. அதைக் கழற்றினேன், நூற்று எண்பது. உலோக வலை அலையை இப்படி விழுங்கும் என்பது பெட்டியோடு வந்த தாளில் ஒரு மூலையில்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தாலும் இதே கதைதான். அப்போது கண்ணாடியைத் திறந்து வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இனி அந்த ஒன்பது மணி. பகலில் இறக்கம் நூற்று எண்பது, ஏற்றம் பதினெட்டு. இரவு ஒன்பதுக்கு இறக்கம் முப்பத்தைந்துக்கு வந்துவிடுகிறது, ஏற்றம் நான்கு. ஞாயிற்றுக்கிழமை ஏற்றம் இரண்டரை மெகாபிட்டுக்கும் இறங்கியதுண்டு. திட்டத்தின் சிறிய எழுத்தில் காரணம் இருக்கிறது: கோபுரத்தில் நெரிசல் வந்தால் கைப்பேசி வாடிக்கையாளருக்கு முதலிடம், வீட்டு இணைப்புக்காரர்கள் பின்னால் நிற்க வேண்டும். சட்டப்படி ஒளிக்கவில்லை, ஆனால் படிக்கிற அளவில் அச்சடிக்கவும் இல்லை. அம்மாவின் முகம் பெரும்பாலான நாட்கள் தெளிவாகத் தெரிகிறது, குரல் ஒருநாளும் அறுந்ததில்லை. ஞாயிறுகளில் மட்டும் அரை மணி நேரம் தள்ளிப் பேசுகிறோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த இணைப்பில் நமக்கென்று தனி ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் வீட்டை அடையாளம் காட்டும் எண், கிடையாது, பல வீடுகள் ஒன்றைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நேரடியாக நுழைய வேண்டியவர்களுக்கு இது சரிவராது. இடி மின்னலோடு கனமழை பெய்தால் சற்றுத் தடுமாறுகிறது. மின்சாரம் போனால் பெட்டியும் போய்விடும். அதனால் செம்புக் கம்பித் தொலைபேசியை நான் இன்னும் துண்டிக்கவில்லை. அதற்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வருகிறது. வீட்டுக்குள் கைப்பேசிக்கு ஒரு கோடுதான் சிக்னல் என்கிற இடத்தில், அவசர உதவிக்கு 911ஐ அழைக்க ஒரு கம்பி இருப்பது நல்லது. மாதாமாதம் அதற்கும் ஒரு கட்டணம் கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். கணக்கு வேலைக்கு ஐந்து, இரவு ஒன்பது மணிக்கு மூன்று, வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு. பேசினால் முதலில் ஓர் இயந்திரம் நலம் விசாரிக்கும், அதைத் தாண்டி மனிதர் வருவதற்குள் பழைய மோடத்தின் நினைவு வந்துவிடும்.

நான் உண்மையில் காத்திருப்பது மின் கூட்டுறவுச் சங்கத்தின் கண்ணாடி இழை வழியே வரும் இணையத்துக்காக. டென்னசியில் இது வெற்றுப் பேச்சில்லை. சாட்டனூகா நகரின் மின்வாரியமான இபிபி 2010லேயே தன் மின்சார எல்லை முழுவதற்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் (ஆயிரம் மெகாபிட்) வேகம் கொடுத்துக் காட்டியது. கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்களும் இணையச் சேவை தரலாம் என்று மாநிலம் 2017இல் சட்டம் இயற்றியது. கம்பம் அவர்களுடையது, பாதை அவர்களுடையது. வீடு சாலையிலிருந்து தள்ளி இருக்கிறது என்று அவர்கள் முகம் சுளிப்பதில்லை. மின்சாரம் கொடுத்த வீட்டுக்கு இழையும் கொடுக்கிறார்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம், ஒப்பந்தம் கிடையாது என்று விலைச்சீட்டு சொல்கிறது. ஒன்பது மணிக்கு அது எப்படி என்று அடுத்த பள்ளத்தாக்கில் ஏற்கெனவே வாங்கியிருக்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பகலுக்கும் இரவுக்கும் ஏன் வித்தியாசம் இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

சங்கத்திலிருந்து போன வாரம் ஓர் அனுமதிப் படிவம் வந்திருக்கிறது. எங்கள் நிலத்தின் வழியே இழை கொண்டுபோக உரிமை, கம்பத்தை உரசும் இரண்டு ஓக் கிளைகளைக் கழிக்க ஒப்புதல். கிளைதானே, மரம் இல்லையே என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.