கோத்தகிரி வீட்டுச் சுவருக்கு நானே பிளந்த சில்வர் ஓக் பலகை

கோத்தகிரியில் தென்மேற்குப் பருவத்தைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குக் கனம். கிழக்குச் சுவரில் அடித்த பெயிண்ட் பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டே இருந்தது. வெளிப்பூச்சில் இருந்த விரிசலை அடைத்துவிட்டு, உள்பக்கம் முழுக்க மரப்பலகை அடித்தேன். ஒரு இன்ச் கனப் பலகையை வீட்டிலேயே பேண்ட் சாவில், அதாவது வளையமாகச் சுற்றும் நாடா ரம்பத்தில், கனவாக்கில் இரண்டாகப் பிளந்து எடுத்தது. அடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இனி தைரியமாக எழுதலாம்.

மரம் சில்வர் ஓக். தேயிலைக்கு நிழல் தர நட்ட மரம், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், சொந்த நிலத்து மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நான் மரவாடியில் பில்லோடு வாங்கிவிட்டேன். வாங்கும்போது பலகையின் முனையைப் பாருங்கள். வளையங்கள் அகலப் பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கிற பலகையில்தான் மினுங்கும் செதில் பூ விழும். வளைவதும் அதில் குறைவு.

கணக்கு இதுதான்: ஒரு இன்ச்சில் எட்டு நூல். மூன்று நூல் கனத்தில் இரண்டு பலகை கிடைக்கும், மீதி இரண்டு நூல் ரம்பத்துக்கும் இழைப்புக்கும். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) என்றால் பிளேடே மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும். பேண்ட் சா பிளேடு ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தோடு விட்டுவிடும். அரை இன்ச் அகலம், இன்ச்சுக்கு மூன்று பல் இருக்கிற பிளேடு போடுங்கள். பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேறாமல் மரம் கருகும், வெட்டும் கோணும். ஒவ்வொரு பிளேடும் ஒரு பக்கம் இழுக்கும். கழிவுத் துண்டில் கோடு போட்டுக் கையாலேயே அறுத்து, அது இழுக்கிற கோணத்துக்கே வழிகாட்டிக் கட்டையைத் திருப்பி வைத்தால் சரி. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கிளப்பும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம்.

அறுப்பது சுலபம்தான். அதற்கு அப்புறம்தான் பொறுமை வேண்டும். வெளியே காய்ந்த பலகைக்கு உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். பிளந்ததும் அந்த உள்முகம் காற்றுப் பட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் குவிந்துவிடும். அதனால் அறுத்த கையோடு இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, வாரக்கணக்கில் விட வேண்டும். மாசி, பங்குனிதான் இதற்குத் தோதான காலம். பனிமூட்டம் உள்ளே வருகிற மாதங்களில் ரம்பத்தைத் தொடவே வேண்டாம்.

பலகையைச் சுவரில் நேராக அடிக்காமல், முதலில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன் மேல் அடித்து, மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டேன். ஆளி விதை எண்ணெய் இரண்டு பக்கமும் பூசினேன். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது என்று ஆசாரிகள் பலர் அதை விட்டுவிடுவார்கள், வளைவதே அங்கிருந்துதான். பங்குனியில் பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். ஒரு பலகையின் விளிம்பு நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் நுழையும்படி இணைத்திருப்பதால் சுவர் தெரிவதில்லை. கட்டில் தலைமாட்டை ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பூஞ்சை வந்தது. கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டதும் நின்றது.

இந்த ஒரு சுவருக்காக மட்டும் பேண்ட் சா வாங்குவதாக இருந்தால் வேண்டாம். மரவாடியிலேயே பிளந்து தருவார்கள். அவர்கள் ரம்பம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும் என்பதால் ஒன்றேகால் இன்ச் பலகையாகக் கொடுங்கள்.