செமஸ்டரா, எட்டு வாரமா, பத்து நாளா?

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகைச் சுவரைச் சுரண்டினால் மூன்று அடுக்குச் சாயம் வரும். மேலே பட்டாம்பூச்சி, அதற்கடியில் வானவில், அதற்கும் கீழே பிள்ளைகளின் உள்ளங்கை அச்சு. மூன்றும் வெவ்வேறு வருஷம் வந்த மாணவர் குழுக்கள் அடித்தவை. கூரை ஒழுகுவதைப் பற்றி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கியே ஆயாவுக்குப் பொழுது போய்விட்டது.

அக்கா மகள் எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு லீவில் வந்திருந்தபோது கைப்பேசியில் மூன்று விளம்பரங்களைக் காட்டி, "மாமா, வெளிநாடு போய்ப் படிக்கணும்னா இதுல எது?" என்றாள். எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

காசுக் கணக்கில், ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரும் பரிமாற்றத்துக்குத்தான் பயம் குறைவு. ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகமாக இருந்தால் பெரும்பாலும் கட்டணத்தை இங்கேயே கட்டலாம். தங்கவும் சாப்பிடவும்தான் கைக்காசு. கிரெடிட்டும் சேரும். ஆசியான் நாடுகளின் எய்ம்ஸ் (AIMS) மாணவர் பரிமாற்றத் திட்டமே 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து தொடங்கியதுதான். ஒரே குறை, அங்கேயும் ஹாஸ்டலில் நம் பிள்ளைகளோடு சேர்ந்து மெகி மீ அவித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

பத்து நாள் தொண்டுச் சுற்றுலாவா? ஆயாக்கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பார், போதும்.

மூன்றாவதுதான் யோசிக்க வைத்தது: நான்கைந்து பேர் குழுவாக, எட்டு வாரம், ஓர் உள்ளூர் அமைப்பின் கீழ் சமூக மேம்பாட்டு இண்டர்ன்ஷிப். 1962 முதல் 1983 வரை மலேசியாவில் இருந்த பீஸ் கோர்ப்ஸ் என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின் தொண்டர்கள் வழக்கமாக ஆளுக்கு இரண்டு வருஷம் தங்கினார்கள். அதற்குள் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிடும். எட்டு வாரத்தில் வராது. ஒருத்தருக்குப் புரியாததை இன்னொருத்தர் பிடித்துக்கொள்ளத்தான் குழு. ஆனால் அதே குழுவுக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். நான்கு பேரும் தங்களுக்குள்ளேயே ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் ஊர் எட்டியே நிற்கும்.

எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஒரு குழுவும் வந்தது. முதல் மூன்று வாரம் ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா திரிகிறார்கள் என்று நானே திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு பெண் தினம் விடிகாலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வந்து நின்றிருக்கிறாள். தாய்மார் பிரட்டுக்கு வந்த பிறகுதான் ஆயாக்கொட்டகை திறக்கிறது, கைக்குழந்தை அதுவரை பக்கத்து வீட்டுக் கிழவியிடம் என்பதை அவள்தான் கவனித்தாள். நூலகம் கட்டியே தீருவேன் என்று நின்ற பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில் நால்வரும் தாய்மாரோடு உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கொட்டகை இப்போது முன்னேரமே திறக்கிறது. படம் பிடித்துப் போட ஒன்றுமில்லாத வேலை.

இந்த வகைத் திட்டங்கள் பலவற்றின் அடிப்படை, இல்லாததை எண்ணாதே, ஊரில் இருப்பதிலிருந்து தொடங்கு என்பது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெக்நைட், கிரெட்ஸ்மன் இருவரும் 1993இல் அதைப் புத்தகமாக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960லேயே பால்வெட்டுக்காரர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கக் கூட்டுறவு தொடங்கியவர். எங்களுக்கு இது புதுப்பாடம் இல்லை.

அய்செக் (AIESEC) என்ற உலக இளைஞர் அமைப்பு வழியாகவும் 6 முதல் 8 வாரம் போகலாம். ஆனால் அங்கே தனியாக விண்ணப்பித்து, போன இடத்தில்தான் குழுவைப் பார்ப்பாய். கிளம்பும் முன்பே குழுவைக் கட்டிப் பயிற்சி கொடுக்கும் திட்டம் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஒன்று மட்டும்: எட்டு வாரத்தைப் பிராக்டிக்கலாக, அதாவது படிப்பில் செய்யவேண்டிய வேலைப் பயிற்சியாக, ஏற்பார்களா என்று துறையில் எழுத்தில் வாங்கிக்கொள். வாய்ப்பேச்சை நம்பி இன்னொரு செமஸ்டர் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலையை யார் தீர்மானித்தது, மேற்பார்வையாளர் அந்த ஊர்க்காரரா என்று கேட்டு அவள் மூன்றாவது இடத்துக்கு எழுதிவிட்டாள். விண்ணப்பத்தில் 'உங்கள் ஊரைப் பற்றி' என்ற கட்டம் இன்னும் காலி. சனிக்கிழமை பசியாறிவிட்டு ஆயாவைப் பார்க்கப் போகிறோம்.